வியாழக்கிழமைக் கோளாறு

வியாழக்கிழமையானால் ரெய்னோ ஹக்காலாவின் கம்ப்யூட்டர் ஆட்டத்தில் திணறியது. மற்ற நாளில், மற்ற வேலையில் இல்லை.

"மதர்போர்டுதான் திருடன்" என்று பெட்டியை என் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை மேஜையில் வைத்தான். கைப்பிடி வைத்த குட்டிப் பெட்டி. உள்ளே சின்னத் தட்டு அகலத்தில் மதர்போர்டு.

காகித ஆலையில் கூட வேலை பார்த்த மூன்று பேரோடு அவனுக்கு வாராவாரம் வியாழன் ராத்திரி ஏழு மணிக்கு ஆன்லைனில் துப்பாக்கி ஆட்டம். ஆறு வாரமாகத் தோல்வி.

"ஆடத் தெரியாதவன் போர்டு கோணல்னானாம்."

"வாயை மூடிட்டு சோதிச்சுப் பாரு, வெர்ன்."

பார்த்தேன். போர்டு வழியாக நெட்வொர்க்கில் பத்தாயிரம் டேட்டா பாக்கெட் அனுப்பினேன். பத்தாயிரமும் திரும்பி வந்தது. வேகமும் போர்டு வந்த அட்டைப்பெட்டியில் போட்டிருந்தபடியே.

"போர்டு தங்கம்."

"அப்ப நான் பொய் சொல்றேனா?"

வியாழன் ஏழு மணிக்கு அவன் வீட்டு பேஸ்மென்ட்டில் என் லேப்டாப்போடு உட்கார்ந்தேன். முதல் ஐந்து நிமிஷம் எல்லாம் ஒழுங்கு. அப்புறம் இணைப்பு படுத்துவிட்டது. திரையில் ரெய்னோ நின்ற இடத்திலேயே நின்றான். சுட்டுத் தள்ளினார்கள்.

"பாத்தியா! பாத்தியா!" என்று மேஜையைத் தட்டினான்.

கோளாறு போர்டில் இல்லை. வீட்டு இணைய லைனையே யாரோ அடைத்துக்கொண்டிருந்தார்கள் என்று என் லேப்டாப் காட்டியது. படியேறி மேலே போனேன்.

சமையலறையில் அவன் மனைவி ஹெல்மி காபி குடித்துக்கொண்டிருந்தாள். எதிரே அவள் கம்ப்யூட்டர். ஐயாயிரம் போட்டோ இணையத்துக்கு ஏறிக்கொண்டிருந்தது.

"இதை நாளைக்குப் பண்ணக் கூடாதா, ஹெல்மி?"

"நாளைக்கு அவர் ஆடமாட்டாரே."

"என்ன பொம்பளை நீ? புருஷன் தோக்கறதுல அவ்வளவு சந்தோஷமா?"

அவள் எழுந்து பேஸ்மென்ட் கதவைச் சாத்தினாள்.

"மெதுவாப் பேசு. எல்லாம் ஏற்கெனவே ஏத்தின போட்டோதான். அழிச்சிட்டு வாராவாரம் மறுபடி ஏத்தறேன்."

"எதுக்கு?"

"ஜனவரில அவருக்கு லேசா பக்கவாதம் வந்துதே. வலது கை விரல் இப்ப அரை விநாடி லேட். டாக்டர், ஆடட்டும், விரலுக்கு நல்லதுன்னார். முதல் வாரம் தோத்தார். 'என் கை செத்துப்போச்சு, பெட்டியை வித்துடு'ன்னு சுவரைப் பாத்துப் படுத்தார். ஒரு வாரம் சரியா சாப்பிடலை. கூட்டாளிங்கதான் போன் மேல போன் போட்டுத் திரும்ப உக்கார வெச்சாங்க. அன்னைக்கு எதேச்சையா நான் போட்டோ ஏத்தினேன். லைன் திணறிச்சு. தோத்தும், கையை விட்டுட்டு போர்டைத் திட்டிக்கிட்டே மேல வந்து ரெண்டு தட்டு சாப்பிட்டார். 'அடுத்த வியாழன் பாத்துக்கறேன்'னார்."

காபியை ஊற்றி என் பக்கம் நகர்த்தினாள். குடித்தேன்.

கீழேயிருந்து ரெய்னோ கத்தினான். "என்னய்யா, கண்டுபிடிச்சியா?"

"போர்டுதான்!"

"நான் சொன்னேன்ல! மாத்தணுமா?"

"வேணாம். இந்தக் குட்டி சைஸ் அப்பப்ப திணறும். விடாம ஆடு, பழகிடும்."

முப்பது வருஷத்தில் நல்ல போர்டைக் குற்றம் சொன்னது அன்றுதான்.

கடைக்கு வந்து வேலை நோட்டில் எழுதினேன். பழுது: மதர்போர்டில் இல்லை. சரிசெய்தவர்: ஹெல்மி ஹக்காலா.