கில்கென்னியின் ரொட்டி

பாளையங்கோட்டையில் வீட்டில் இருந்தபடியே, ஆறு வருடமாக அயர்லாந்தின் கில்கென்னி நகரத்தைச் சுற்றிக்காட்டி வந்தாள் மரகதவல்லி. பயணிகள் அங்கே நடப்பார்கள். அவர்களோடு நடந்துபோகும் எந்திரத்தின் கண்ணால் இவள் பார்ப்பாள், அதன் வாயால் பேசுவாள்.

இப்போது முதன்முறையாக, கணவன் இசக்கியோடு நேரிலேயே வந்துவிட்டாள். எண்ணூறு வருடக் கோட்டையைத் தாண்டி, குறுகலான சந்தின் படிகளில் ஏறும்போது அவளுக்கு மூச்சு வாங்கியது.

“இவ்வளவு செங்குத்துன்னு எனக்குத் தெரியவே தெரியாதுங்க,” என்றாள்.

சந்தின் முனையில் ரொட்டிக்கடை. அவள் கால் தயங்கியது.

“ஊரிலேயே ருசியான ரொட்டின்னு தெனமும் சொல்லியிருக்கேன். ஒரு துண்டு தின்னதில்லையே!”

“அதுக்குத்தான வந்திருக்கோம்? வா,” என்றான் இசக்கி.

அவள் ஆங்கிலத்தில் ரொட்டி கேட்டதும் கடைக்காரி நோரா சட்டென்று நிமிர்ந்தாள். தினமும் தன் வாசலில் கேட்ட குரல் அது. மாவுக் கையோடு ஓடிவந்து கட்டிக்கொண்டாள்.

“நீதானா அது! உன்னால்தான் என் கடையில் இத்தனை கூட்டம்!”

சூடான ரொட்டியில் வெண்ணெய் தடவி நீட்டினாள். மரகதவல்லி பயந்துகொண்டே கடித்தாள், மென்றாள், கண்ணை மூடினாள்.

“எப்படிட்டி இருக்கு?” என்றான் இசக்கி.

“அப்பாடா! நான் பொய் சொல்லலைங்க,” என்று சிரித்தவள், அவன் பங்கையும் பிடுங்கிக்கொண்டாள்.