பின்பக்கக் கேமரா

காந்தன் எனக்குத் தரவேண்டிய கடன் ஆயிரத்து இருநூற்று ஐம்பது வெள்ளி. அதைக் கேட்கத்தான் செங்கிலிருந்து பஸ் ஏறித் தங்கா பத்துவுக்கு வந்து, தங்கச்சி புருஷனான அவனுடைய புது வண்டிக்குள் உட்கார்ந்திருக்கிறேன். என் மோட்டார் சைக்கிள் என்ஜின் பிரித்தபடி ரிப்பேர் கடையில் கிடக்கிறது. காசு கட்டினால்தான் திங்கட்கிழமை அதில் வேலைக்குப் போகலாம். வண்டி சின்னதுதான், ஆனால் ஜீப்பு மாதிரி உயர்ந்து நிற்கிறது. உறை பிரிக்காத சீட்டு நான் அசையும்போதெல்லாம் கிரீச்சிடுகிறது. திரையில் ஓடும் எழுத்துகள் நான் கூட்டிப் படிப்பதற்குள் மாறிவிடுகின்றன. கூரைக் கண்ணாடி வழியாக மாலை வெயில் என் முழங்காலில் விழுகிறது. "பெல்ட்டு போடுங்கலா மச்சான், அதான் வண்டி கத்துது" என்கிறான் காந்தன். "நான் எங்கயும் போகல மாப்ள. அந்தக் காசு..." "இருங்க, மொதல்ல இதப் பாருங்க." பிரேக்கை மிதித்தபடி ரிவர்ஸ் கியர் போடுகிறான். திரையில் வண்டியின் பின்பக்கம் தெரிகிறது. டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்க என் தங்கச்சி ஜானகி குனிகிறாள். டிட் டிட் என்கிறது வண்டி. "ஆள் நின்னா அதுவே சொல்லிரும்!" என்று சிரிக்கிறான். குனிந்தவளின் தாலி முன்னால் சரிந்து ஆடுகிறது. அதில் அம்மா போட்ட தங்கச் சங்கிலி இல்லை, வெறும் மஞ்சள் கயிறு. திரையில் அந்த மஞ்சள் பளிச்சென்று இருக்கிறது. அவன் சிரிப்பு நின்றுவிடுகிறது. "உங்க காச..." என்று இழுக்கிறான். "எனக்கு வேணாம். அந்தக் காசுல, இந்த வண்டிக்காகப் பஜாக் கடையில அடகு வச்ச அவ சங்கிலிய மீட்டுரு. நம்ம கணக்கு முடிஞ்சிருச்சு." பெல்ட்டை இழுத்து மாட்டுகிறேன். கத்தல் நிற்கிறது. திங்கட்கிழமை வேலைக்குப் பஸ்ஸில்தான் போக வேண்டும்.