நல்ல நிலையில் உள்ள புத்தகம்

"இவ்வளவு புதுசை யாராவது பழசுக்கு மாத்துவாங்களா பாய்?"

கஸ்தூரி கேட்டதும், எதிர் நாற்காலியில் இருந்த கவுஸ் பாஷா கர்ச்சீப்பால் இன்னொரு முறை கையைத் துடைத்துக்கொண்டார். டவுனில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருப்பவர். விரல் இடுக்கில் ஏறிய கறுப்பு துடைத்தெல்லாம் போகாது.

டீப்பாயில் அவர் கொண்டுவந்த கணிதப் புத்தகம், இரண்டு பாகம். இன்ஜினியரிங் நுழைவுத் தேர்வுக்கானது. அட்டை மடங்கவில்லை. மை வாசனைகூடப் போகவில்லை.

செங்கம் ரோடு ஜெராக்ஸ் கடையில் போன வாரம் கஸ்தூரிதான் சீட்டு ஒட்டியிருந்தாள். 'மெடிக்கல் நுழைவுத் தேர்வு உயிரியல் புத்தகம் தரப்படும். பதிலுக்கு இன்ஜினியரிங் கணிதம் தேவை. நல்ல நிலையில் இருக்க வேண்டும். மதிவதனியின் அம்மா, வேங்கிக்கால்.'

பெரியவள் மதிவதனி மெடிக்கல் சீட் கிடைத்து மெட்ராஸ் ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். சின்னவள் கவிநிலா கணக்கு குரூப். உயிரியல் புத்தகத்தால் இனி அந்த வீட்டில் யாருக்கும் பயனில்லை.

"கடையில வாங்கினதுதானே? பில் இருக்கா?"

அவர் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

"நேத்து தேதி போட்டிருக்கு!"

"ஆமாங்கம்மா. நேத்துதான் வாங்கினேன்."

"நேத்து வாங்கி இன்னிக்கு மாத்தறீங்களா? உயிரியல் வேணும்னா அதையே புதுசா வாங்கியிருக்கலாமே?"

"அது வந்து... உங்க பெரிய பொண்ணு..."

"என் பொண்ணு பேச்சு எதுக்கு இங்க? புக்கைப் பத்திப் பேசுங்க."

அவர் புத்தகத்தை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

கஸ்தூரிக்குச் சந்தேகம் ஜாஸ்தியானது. தாலுகா ஆபீசில் பதினெட்டு வருஷமாகச் சான்றிதழ் சரிபார்க்கிறவள். எத்தனையோ தில்லுமுல்லு பார்த்தாயிற்று. நடுவில் வெறும் பக்கம் இருக்கும். இல்லையென்றால் பைண்டிங்கில் பக்கம் மாறியிருக்கும்.

ஒவ்வொரு தாளாகப் புரட்டினாள். கால் மணி நேரம்.

ஒரு குறையும் இல்லை.

"அம்மா, குடும்மா!" என்று பக்கத்தில் நின்ற கவிநிலா இரண்டு பாகத்தையும் வாங்கி, அங்கேயே முதல் பக்கத்தில் தன் பேரை எழுதினாள். புதுப் பேனா, கொட்டை எழுத்து.

"உங்க புக்கைக் கொஞ்சம் பாக்கலாங்களா?" என்றார் கவுஸ் பாஷா.

கஸ்தூரி உள்ளே போய் எடுத்து வந்தாள். முதுகில் டேப் ஒட்டிய இரண்டு பாகம். புதுசுக்கு முன்னால் இதைப் போய் எப்படி நீட்டுவது? நீட்டினாள்.

அவர் ஒரு பக்கம் பிரித்தார். அடுத்தது. பிறகு நடுவில். பிறகு கடைசியில். இரண்டாம் பாகத்தை எடுத்து வேகவேகமாகப் புரட்டினார்.

"எல்லாப் பக்கமும் இப்படித்தானுங்களா?"

"எப்படி? கிழிஞ்சிருக்கா? காட்டுங்க!"

"இல்லம்மா... எழுத்து ஒண்ணும் காணோமே."

"எப்படி இருக்கும்? அவ ஒரு பக்கம் விடாம பென்சில்ல கிறுக்கி வச்சிருந்தா. ரெண்டு நாள் ரப்பரும் கையுமா உட்கார்ந்து மொத்தத்தையும் அழிச்சேன். நல்ல நிலைன்னு எழுதிட்டு மோசமானதைத் தர்ற ஆள் நான் இல்ல."

அவர் புத்தகத்தை மெதுவாக மூடினார்.

"இதோ பாருங்க பாய், இவ பேர் எழுதிட்டா. இனிமே வேணாம்னு சொன்னா நல்லா இருக்காது."

அவர் கவிநிலாவைப் பார்த்தார்.

"சொல்ல மாட்டேங்கம்மா. குடிக்கக் கொஞ்சம் தண்ணி தர்றீங்களா?"

குடித்துவிட்டு, பழைய புத்தகங்களைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

தப்பித்தோம் என்று கஸ்தூரி கேட்டைச் சாத்தப் போனாள். தெருமுனையில் அவர் டிவிஎஸ் ஃபிப்டி நின்றது. அதன் மேல் உட்கார்ந்து, புத்தகத்தைப் பிரித்து, வெயிலுக்கு நேராகத் தூக்கிச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கஸ்தூரிக்குச் சுர்ரென்று ஏறியது. விறுவிறுவென்று போனாள்.

"வீட்டுல தலையாட்டிட்டு, தெருவுல நின்னு குறை தேடறீங்களா?"

அவர் பதறி இறங்கினார்.

"ஐயோ, குறை இல்லம்மா. உங்க பொண்ணு அழுத்தி எழுதின தடம் எங்கயாவது தெரியுதான்னு பாக்கறேன்."

"தடமா? எதுக்கு?"

"எம் பொண்ணு ஆஃப்ஷீன் போன வருஷம் ஒரே மார்க்குல சீட்டை விட்டுட்டா. உயிரியல்லதான் கம்மி. இந்த வருஷம் மறுபடி எழுதறா. மதிவதனி ஓரத்துல எழுதி வச்சிருக்கிற குறிப்பு கிடைச்சா போதும், கண்டிப்பா சீட்டுன்னு ரெண்டு பேருக்கும் பாடம் எடுத்த டியூஷன் சார் சொன்னாரு. புது உயிரியல் புக்கு எங்க வீட்லயே இருக்குங்க. இந்தக் குறிப்புக்காகத்தான் கணக்குப் புக்கு வாங்கியாந்தேன்."

கஸ்தூரி புத்தகத்தை வாங்கித் தானும் வெயிலில் சாய்த்துப் பார்த்தாள்.

"இதை வீட்லயே சொல்லியிருக்கலாமே! உங்க புக்கை உங்ககிட்டயே கொடுத்திருப்பேனே!"

"கொடுத்திருப்பீங்கம்மா," என்றார் கவுஸ் பாஷா. "ஆனா அதுக்குள்ள சின்னப் பொண்ணு பேர் எழுதிட்டு அவ்வளவு சந்தோஷமா சிரிச்சுது. எம் பொண்ணுக்கு இல்லாமப் போனதுக்காக, உங்க பொண்ணு கையில இருக்கறதை எப்படிங்கம்மா பிடுங்கறது?"