பதினேழு இஞ்ச் மானிட்டர்

"பதினேழு இஞ்ச் மானிட்டர்தான் வேணும்" என்று உபகாரசாமி ஒற்றைக்காலில் நின்றார்.

மதுரையில் அந்தக் கம்ப்யூட்டர் கடைக்குள் நுழைந்ததிலிருந்து இதே பாட்டுத்தான். மகள் பெல்சிக்கு எரிச்சலாக வந்தது. கம்ப்யூட்டர் படித்தவள் அவள். காரைக்குடியில் இருக்கிற அப்பாவின் போட்டோ ஸ்டூடியோவுக்கு எது தோதுப்படும் என்று அலைந்து விசாரித்து வைத்திருந்தவளும் அவள்தான். சீட்டு எடுத்த பணத்துக்குள் எல்லாவற்றையும் அடக்கியாக வேண்டும்.

"அப்பா, படத்தை ஏத்தித் திருத்துற வேலைக்கு ராம் மெமரிதான் முக்கியம். பதினாலு இஞ்ச் போதும். பெருசா வாங்குனா ராம் பாதியாக் குறைஞ்சுரும். ஒரு படம் திறக்குறதுக்குள்ள காப்பி குடிச்சுட்டு வந்துரலாம்."

உபகாரசாமி கடைக்காரரிடம் திரும்பினார். "ஏன் தம்பி, ராமைப் பெறகு சேத்துக்கலாமா?"

"தாராளமா சேத்துக்கலாம் சார்."

"மானிட்டரைப் பெறகு இழுத்துப் பெருசாக்க முடியுமா?"

கடையே சிரித்தது. பெல்சி மட்டும் சிரிக்கவில்லை.

அப்பாவுக்குப் பெரிய மானிட்டர் எதற்கென்று அவளுக்குத் தெரியாதா என்ன? ஊர் பார்த்து மூக்கில் விரல் வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

செக்காலை ரோட்டில் உபகாரசாமி ஸ்டூடியோவுக்கு ஒரு பேர் உண்டு. முகத்தில் பருவோ அம்மைத் தழும்போ எது இருந்தாலும், இங்கே எடுத்த படத்தில் இருக்காது. மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்புகிற படம் என்றால் கானாடுகாத்தானிலிருந்துகூட வருவார்கள். "உபகாரசாமி கை பட்டாப் போதும்ப்பா!" என்று ஆச்சிமார்கள் மெச்சுவார்கள். அப்பா வாயெல்லாம் பல்லாக நிற்பார்.

பட்டது யார் கை? உள்ளறையில் விளக்குப் பெட்டி முன்னால் குனிந்து உட்கார்ந்து, நெகட்டிவில் பென்சிலும் சாயமுமாகப் புள்ளி புள்ளியாக 'டச்சிங்' செய்வது அம்மா யூஜினியா. கல்யாணமாகி வந்ததிலிருந்து அவளுக்கு இதே வேலை. ஊரில் ஒருத்தருக்கும் தெரியாது. அப்பா ஒருநாளும் வாய் திறந்து சொன்னதில்லை.

கடைசியில் அதே பதினேழு இஞ்ச் மானிட்டரோடு பெட்டி பெட்டியாகக் கம்ப்யூட்டர் வந்து இறங்கியதும் அம்மா எட்டிப் பார்த்தாள்.

"நல்லதாப் போச்சு. எனக்கும் கண்ணு மங்கிப்போச்சு. இனி அதுவே எல்லாஞ் செஞ்சுரும்ல? நான் அடுப்படியப் பாத்துக்குறேன்."

சொன்னவள் முகத்தில் சந்தோஷம் இல்லை.

கூத்து அத்தோடு முடியவில்லை. வாசல் கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாக வைத்திருந்த கல்யாணப் படங்களையெல்லாம் அப்பா எடுத்துவிட்டு, கம்ப்யூட்டர் அங்கேதான் என்றார். தச்சுவேலை அரசப்பன் புது மேசையைக் கொண்டுவந்து போட்டார். பார்த்தால் குட்டை மேசை.

"என்னண்ணே இது? அப்பா உக்காந்தா முட்டி இடிக்குமே?"

"அப்பா குடுத்த அளவுதாம்மா."

பெல்சி நேரே அப்பாவிடம் போனாள். "ரோட்டுல போறவுகளுக்கு மானிட்டரு மறையக்கூடாதுன்னு குட்டையாச் செய்யச் சொன்னீகளா? பேசாம பஸ் ஸ்டாண்டுல கொண்டுபோய் வச்சுருங்கப்பா. இன்னும் நாலு பேரு பாப்பாக."

"அங்குட்டு இடம் குடுக்க மாட்டாகளே" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார் மனுஷன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பங்குச்சாமியார் வந்து ஜெபம் சொல்லிக் கடையை மந்திரித்தார். தீர்த்தம் தெளிக்க அவர் கையை ஓங்கியதுதான் தாமதம், உபகாரசாமி பதறிப்போய்த் தோள்துண்டை எடுத்து மானிட்டர் மேல் விரித்தார்.

"சாமி, செவுத்துல தெளிங்க, போதும். மாதா புரிஞ்சுக்கிடுவாக."

வாசலில் நின்ற கூட்டம் கொல்லென்று சிரித்தது. பக்கத்துப் பாத்திரக்கடை அழகுசுந்தரம் முன்னால் வந்தார்.

"உபகாரசாமி, உக்காந்து ஒரு மூஞ்சியத் திருத்திக் காட்டும்யா. உம்ம கைய இன்னிக்காவது நேர்ல பாத்துருவோம்."

பெல்சி பல்லைக் கடித்தாள். இதோ, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு உட்காரப் போகிறார்.

உபகாரசாமி உட்காரவில்லை. உள்ளறைக்குப் போனார். வந்தவர்களுக்குக் காப்பி ஆற்றிக்கொண்டிருந்த யூஜினியாவைக் கையைப் பிடித்து அழைத்து வந்து, அத்தனை பேர் முன்னாலும் அந்த நாற்காலியில் உட்கார வைத்தார்.

மேசை அவள் உயரத்துக்குக் கச்சிதமாக இருந்தது.

"என்னங்க இது, எல்லாரும் பாக்குறாக..." அவள் எழுந்திருக்கப் பார்த்தாள்.

"உக்காரு. தெரியுதா?"

திரை நிறைய ஒரு கல்யாணப் பெண்ணின் முகம். யூஜினியா கண்ணைச் சுருக்காமல் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நல்லாத் தெரியுதுங்க. புருவத்து முடிகூடத் தனித்தனியாத் தெரியுது."

"பெல்சி, உங்கம்மாவுக்கு மவுஸ் பிடிக்கச் சொல்லிக் குடு. எனக்கு வேணாம்மா. நான் தொட்டா நல்ல மூஞ்சியும் கெட்டுப்போகும்."

பஸ் ஸ்டாண்டு என்று தான் சொன்னது ஞாபகம் வந்து பெல்சி நாக்கைக் கடித்துக்கொண்டாள். அம்மா பக்கத்தில் போய் நின்றபோது, தன் வீட்டை நினைத்து அவளுக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

அழகுசுந்தரம் முழித்தார். "என்னய்யா இது? டச்சிங் எல்லாம் நீருதானே..."

உபகாரசாமி தோள்துண்டால் வாசல் கண்ணாடியை ஒருதரம் அழுத்தித் துடைத்தார்.

"நீங்கள்லாம் 'உபகாரசாமி கை'ன்னு சொன்னப்பல்லாம் பல்லைக் காட்டிக்கிட்டு நின்னவன்தான் நான். இனிமே இந்தக் கண்ணாடி வழியா ஊரே பாக்கட்டும்யா, அது யாரு கைன்னு!"