பாறைமேல் ஓர் ஆள்

நான் வந்த ஒன்பதாவது நாள் காலையில்தான் அந்த வெளிச்சம் வந்தது.

போன செப்டம்பரில் பாதியில் நின்றுபோன ஓவியம். அதே மேகம் வேண்டும், அதேபோல் நீர் உள்வாங்கிய கடல் வேண்டும். அதற்காகத்தான் பாரிஸிலிருந்து மறுபடியும் இந்த பிரெத்தாஞ் கடற்கரைக்கு வந்திருந்தேன்.

ஓவியம் தாங்கும் முக்காலியை மணலில் ஊன்றிக் கித்தானை ஏற்றினேன்.

வானம் முடிந்திருந்தது. கடலும் முடிந்திருந்தது. பாறை உச்சியில் மட்டும் நகக்கண் அளவுக்கு வெறுமையாக விட்டிருந்தேன்.

அது என் மனைவி நொயெமியின் இடம்.

நிலக்காட்சி வரைகிறவர்கள் எல்லோரும் ஓர் ஆளை அப்படி வைப்போம். ஆள் இல்லாவிட்டால் பாறையின் உயரம் தெரியாது.

இந்த வெளிச்சம் ஒரு மணி நேரம்கூட நிற்காது. இன்று அவளை அங்கே வைக்காவிட்டால் இனி என்னால் முடியாது.

கடற்பாசி வாரும் மரிவோன் கூடையோடு வந்து நின்றாள்.

"என்னங்க ஓவியரே, திரும்பவும் அதே பாறையா? அம்மா எங்க, இந்த வருஷம் உஷாராயிட்டாங்களா? போன தடவை அந்தக் காத்துல பதினோரு நாள் நிக்க வெச்சீங்களே! எங்க குதிரையக்கூட நாங்க அப்படி நிக்க விடமாட்டோம்."

வரவில்லை என்றேன்.

நொயெமிக்கு இருமல் இங்கேதான் தொடங்கியது. பன்னிரண்டாம் நாள் ஊருக்குக் கிளம்பினோம். நவம்பரில் அடக்கம் செய்தோம்.

"வேணும்னா நான் ஏறி நிக்கிறேன். ஆனா என் இடுப்புக்கு இந்தத் தூரிகை பத்தாது, பெரிசா எடுங்க."

அவளே சிரித்துக்கொண்டாள்.

இருப்பதிலேயே மெல்லிய தூரிகையை எடுத்தேன். பாவாடைக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு தொடல். சால்வைக்குச் சிவப்பு. தலைக்கு ஒரு புள்ளி.

கூடையைத் தோளுக்கு ஏற்றப்போனவள் படத்தைக் குனிந்து பார்த்தாள்.

"அட, அம்மாவேதான்!"

சொல்லிவிட்டுத் தண்ணீரை நோக்கி நடந்தாள்.

அவ்வளவு சின்ன உருவத்துக்கு எவரும் ஆளைப் பார்த்து வரைவதில்லை. ஓவியப் பள்ளியில் முதல் வருடமே பழகிவிடும். கண்ணை மூடிக்கொண்டு போடலாம்.

பதினோரு நாளில் அவளைப் பார்த்து நான் ஒரு கோடும் இழுக்கவில்லை.

தனியாக உட்கார்ந்து வரையப் பிடிக்காமல்தான் அவளை அங்கே நிற்கச் சொன்னேன்.