எதிராளியின் கடிகாரம்

பல் டாக்டர் நெற்றியைக் கையில் தாங்கிக் குனிந்து ஏழு நிமிடமாகிறது. ஒரு காயும் நகரவில்லை.

எதிரே டயர் கடைக்காரருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

இந்த ஒரு ஆட்டத்தை ஜெயித்தால் கிளப் அணியில் இடம். பதினாறு வருட ஆசை. டாக்டரின் ராணி வசமாக மாட்டிக்கொண்டு முழிக்கிறது. அவருடைய கடிகாரத்தில் ஒன்பதே நிமிடம் மிச்சம்; அது தீர்ந்தால் தோல்வி. வாயை மூடிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தால் போதும், வெற்றி தானாக மடியில் வந்து விழும்.

மனுஷன் கேட்டால்தானே?

“சார்... உடம்புக்கு ஒண்ணுமில்லையே?”

டாக்டர் தலையைத் தூக்கி முறைத்தார். யோசிக்கிற எதிராளியிடம் பேச்சுக் கொடுப்பது சதுரங்கத்தில் குற்றம். நடுவர் விறுவிறுவென்று வந்தார்.

“இது ரெண்டாவது தடவை. இன்னொரு தடவை தொந்தரவு பண்ணீங்க, ஆட்டம் அவருக்குத்தான்.”

டயர் கடைக்காரர் தலையாட்டினார். கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டார்.

டாக்டர் மறுபடி குனிந்தார். இந்த முறை கண்ணையும் மூடிக்கொண்டார்.

ஒரு நிமிடம். இரண்டு. சட்டை ஏறி இறங்குகிறதா? ஏறின மாதிரியும் இருந்தது, ஏறாத மாதிரியும் இருந்தது.

டயர் கடைக்காரர் பலகைக்கு மேலாக எட்டி டாக்டரின் தோளைப் பிடித்து உலுக்கிவிட்டார். காய்கள் தரையில் உருண்டன.

“யோவ், பைத்தியமாய்யா உனக்கு?”

டாக்டரின் அந்தக் கத்தலைக் கேட்டதும் டயர் கடைக்காரருக்கு அப்பாடா என்றிருந்தது. கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

நடுவர் வெற்றியை டாக்டர் பெயரில் எழுதினார்.

போன வருடம் இதே போட்டியில் டயர் கடைக்காரருக்கு எதிரே இருந்தவன் அவருடைய மச்சினன். இரண்டு பேரும் ஒரே பைக்கில்தான் வந்தார்கள். அவனும் இப்படித்தான் தலையைத் தாங்கிக்கொண்டு பதினாலு நிமிடம் அசையாமல் இருந்தான். அவன் நேரம் தீர்ந்த நொடியில், இவர்தான் சிரித்துக்கொண்டே கையைத் தூக்கி நடுவரைக் கூப்பிட்டார். நடுவர் தொட்டதும் அவன் சரிந்தான். எப்போதோ போய்விட்டிருந்தான்.

மனைவி இன்றுவரை ஒரு வார்த்தை திட்டவில்லை. கடைசியாகத் தன் தம்பியின் முகம் எப்படி இருந்தது என்று மட்டும் அவ்வப்போது கேட்கிறாள்.

அவருக்குத் தெரியாது. அந்தப் பதினாலு நிமிடமும் அவர் பார்த்துக்கொண்டிருந்தது கடிகாரத்தை.