குடும்பமாக வருபவர்களுக்கு மட்டும்

“இப்ப இருமினது யாரு?”

“இல்லம்மா, கேப்டன் இருமல. நான்தான் இருமினேன்.”

“அண்ணே, திரையில கேப்டன் வாயையே தொறக்கல. அப்புறம் எப்படி இருமல் வரும்?”

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், மைக்கின் முன்னால் நின்ற பெரியவர் மன்னித்துவிடு என்பதுபோல் கையை உயர்த்தினார்.

இந்தக் கார்ட்டூன் தொடர் தொடங்கியதிலிருந்து விண்கலக் கேப்டனுக்கு அவர்தான் குரல். வால்நட்சத்திரங்களையே அதட்டி ஓரமாகப் போகச் சொல்லும் குரல். இன்று ஒற்றை வரியில் வந்து படுத்துக்கொண்டது.

என் பக்கத்தில் ஒலிப்பதிவாளர். எல்லோருக்கும் அவன் ‘மீட்டர்’. எத்தனையாவது டேக் என்று குறிப்பதை நிறுத்திவிட்டு நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இத்தனைக்கும் இது ஒரு கிளைக்கதை. எதிரிக் கப்பலைத் துரத்திக்கொண்டு போகிறவர்களுக்கு வழியில் குடிதண்ணீர் தீர்ந்துவிடுகிறது. ஒரு குட்டிக் கிரகத்தில் இறங்குகிறார்கள். அங்கே குடும்பமாக வருகிறவர்களுக்கு மட்டும்தான் கதவு திறக்கும்.

அதனால் விமானி வீட்டோடு மாப்பிள்ளை ஆகிறான். சமையல் ரோபோவின் தலையில் ஒரு துணியைப் போர்த்திப் பெரியம்மா ஆக்கிவிடுகிறார்கள். வாயாடி மெக்கானிக், கேப்டனின் மகள்.

மூன்று கண் வாயில்காப்போன் மூன்றாலும் முறைக்கிறான். மெக்கானிக் கேப்டனின் கையைப் பிடித்து இழுத்து, ‘அப்பா, தண்ணி வேணும்ப்பா’ என்கிறாள்.

கேப்டன் சொல்ல வேண்டியது: ‘என் பொண்ணுதான் சார். பொறுமையே கிடையாது, என்னை மாதிரி.’

அவ்வளவுதான். வழியில் போகிறவரைக் கூட்டிவந்தாலும் சொல்லிவிடுவார்.

எங்கள் டப்பிங் வேலையில் யாரும் யாரையும் பார்க்க வேண்டியதில்லை. ஒருவர் பேசிவிட்டுப் போன குரல் அடுத்தவரின் ஹெட்போனில் ஓடும். அதற்கு இவர் பதில் சொல்வார். மெக்கானிக்காகப் பேசும் பெண்ணுக்கு எப்போதும் காலை நேரம்தான் வேண்டும். இவருக்கு எப்போதும் மதியம். அவரவர் வசதி என்று நினைத்திருந்தேன். குரல் இயக்குநராக இந்தத் தொடருக்கு நான் புதிது.

அவளும் காலையில் இதே இடத்தில்தான் என் உயிரை வாங்கினாள். ‘அப்பா’வை எடுத்துவிட்டுத் ‘தாத்தா’ என்று வைத்தால் சிரிப்பாக இருக்குமே என்றாள். கேப்டனுக்கு அவ்வளவு வயதாகவில்லை என்று அதட்டிப் பேசவைத்தேன்.

இப்போது இவர்.

ஒரு தடவை அவள் முடிப்பதற்குள் ஆரம்பித்தார். ஒரு தடவை அவள் முடித்த பிறகும் ஆரம்பிக்கவேயில்லை. நடுவில் தண்ணீர் கேட்டார். அடுத்த தடவை வாயில்காப்போனிடம், “உங்க பொண்ணுதான் சார்” என்றார்.

மீட்டர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். எனக்குத் தலையை எங்காவது முட்டிக்கொள்ளலாம்போல் இருந்தது.

அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. சாயங்காலத்துக்குள் கதை கைக்கு வரவேண்டும். பெரியவருக்கு முடியவில்லையென்றால் ஆளை மாற்றிவிடு. கேப்டன் குரலை அச்சு அசலாகப் பேசும் ஒருவரை ஏற்கெனவே பார்த்து வைத்திருந்தார்கள்.

நான் பேச்சுப் பொத்தானை அழுத்தினேன்.

“அண்ணே, ஒளிச்சு மறைச்சுப் பேச எனக்குத் தெரியாது. இன்னும் ஒரே ஒரு டேக். அதுலயும் வரலன்னா இனிமே கேப்டனுக்கு வேற ஆளு.”

“புரியுதும்மா.”

மீட்டர் என் பக்கம் சாய்ந்தான். “அந்தப் பொண்ணு குரல்தான் இவரைக் குழப்புது. அதை வெட்டிட்டு, அந்த இடத்துல இவரு ஆரம்பிக்க ஒரு மணிச் சத்தத்தை மட்டும் குடுக்கட்டுமா?”

“மணியக் குடு, சங்கக் குடு, எதையாவது குடுத்துத் தொலை.”

திரையில் மெக்கானிக்கின் வாய் சத்தமில்லாமல் அசைந்தது. மணி அடித்தது.

“என் பொண்ணுதான் சார். பொறுமையே கிடையாது, என்னை மாதிரி.”

உதடு அப்படியே பொருந்தியது. ஒரு பிசிறு இல்லை. கிரகத்தின் கதவு திறந்தது. பெரியம்மா ரோபோ முதல் ஆளாக உள்ளே உருண்டது.

“ஒரு மணிச் சத்தத்துல முடியுற வேலை. இதுக்குப் போய் ஒரு மதியமே போச்சு” என்றான் மீட்டர்.

நான் காகிதங்களை அடுக்கினேன். “முடிஞ்சுதுண்ணே, வாங்க.”

அவர் வரவில்லை. ஹெட்போனையும் கழற்றவில்லை.

“அடுத்த வாரக் கதையிலயும் அவ அப்படிக் கூப்பிடுவாளாம்மா?”

“எப்படி?”

“அப்பான்னு.”

“இல்லண்ணே. கிளைக்கதையில நடக்குறது அதோட சரி. அடுத்த வாரம் யாருக்கும் எதுவும் ஞாபகம் இருக்காது. பழையபடி கேப்டன்தான்.”

தலையை ஆட்டிக்கொண்டார். திரையில் கேப்டன் மெக்கானிக்கின் கையைப் பிடித்தபடி உறைந்து நின்றிருந்தார்.

“வீட்டை விட்டுப் போற அன்னிக்கு வாசல்ல நின்னு ஒரு தடவை அப்படிக் கூப்பிட்டா. நான் திரும்பிப் பாக்கல. அதுக்கப்புறம் இன்னிக்குத்தான்மா கேக்குறேன்.”

மீட்டரின் கை விசைப்பலகை மேல் அப்படியே நின்றது.

“நான் எதுவும் பேச மாட்டேன். மணி வேண்டாம். அவ சொன்னதை மட்டும் இன்னொரு தடவை போடுறீங்களா?”